விளம்பரம் போன வழியே செய்தி: அமெரிக்க உள்ளூர் இதழ்களின் சரிவும் அவற்றுக்கு மாற்றாக வந்தவையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2005ஆம் ஆண்டு ஏறத்தாழ 8,900 நாளிதழ்களும் வார இதழ்களும் வெளிவந்துகொண்டிருந்தன. இருபது ஆண்டுகளுக்குள் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. எஞ்சியவையும் வாரத்துக்கு இரண்டுக்குக் குறையாமல் மூடப்பட்டு வருகின்றன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பெனலோப்பி அபர்நதி தொடங்கியதும், பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி ஆண்டுதோறும் தொடர்வதுமான கணக்கெடுப்பின்படி, உள்ளூர்ச் செய்தி தரும் அமைப்பு ஒன்றுகூட இல்லாத கவுண்டிகள் இன்று இருநூற்றுக்கு மேல் உள்ளன. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள ஆட்சிப் பிரிவு. தமிழ்நாட்டின் மாவட்டத்தை ஒத்தது என்றாலும் மக்கள்தொகையில் பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியது. இத்தகைய பகுதிகளுக்குச் ‘செய்திப் பாலைவனம்’ என்ற பெயர் வழக்கில் வந்துவிட்டது. இதழின் பெயரும் முகப்பும் அப்படியே இருக்க, ஊருக்கென்று நிருபர் எவரும் இல்லாமல் வேறெங்கோ தொகுத்த பக்கங்களை நிரப்பி வெளிவருபவற்றை அபர்நதி ‘பேய் இதழ்கள்’ என்று அழைத்தார். கணக்கெடுப்பில் இவை உயிருள்ள இதழ்களாகவே எண்ணப்படுவதால், இழப்பின் உண்மை அளவு எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரியது.

இந்தச் சரிவுக்கு இணையமே காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது பொய்யன்று, ஆனால் பாதி விளக்கமே. இணையம் வருவதற்கு முன் உள்ளூர் இதழ் எதை விற்றுப் பிழைத்தது, வருவாய் சரியத் தொடங்கிய காலத்தில் அதன் உடைமையாளர்கள் என்ன செய்தார்கள், அதன் இடத்தை நிரப்ப வந்த புத்தொழில் நிறுவனங்கள் எந்தக் கணக்கை நம்பி இறங்கின என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரே நாட்டில், ஒரே தொழில்நுட்பச் சூழலில் சில ஊர்கள் தம் செய்தி அமைப்பைக் காத்துக்கொண்டதும் பல ஊர்கள் இழந்ததும் விளங்கும்.

செய்தி விற்ற பண்டம் அன்று

அமெரிக்க இதழியல் தொடக்கம் முதலே பிறர் பணத்தில் வளர்ந்தது. 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் கடிதங்களைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் செய்தித்தாள்களை அனுப்ப வழிசெய்தது. அரசியல் கட்சிகள் தம் ஆதரவு இதழ்களைத் தாங்கின. 1833இல் பெஞ்சமின் டே என்பவர் நியூயார்க்கில் ‘சன்’ நாளிதழை ஒரு சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கியபோது, வாசகரிடம் கிடைக்காத தொகையை விளம்பரதாரரிடம் பெறுவது என்ற ஏற்பாடு நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் இதழ்களின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு வரை விளம்பரத்திலிருந்தே வந்தது. பலபொருள் அங்காடிகளின் முழுப்பக்க விளம்பரங்கள், ஞாயிற்றுக்கிழமை இதழோடு செருகி வரும் தள்ளுபடித் துண்டறிக்கைகள், எல்லாவற்றுக்கும் மேலாக வேலை, வீடு, பழைய கார் ஆகியவற்றுக்கான வரி விளம்பரங்கள் ஆகியவையே நிருபர்களின் சம்பளத்தைத் தந்தன. நகராட்சிக் கூட்டத்தில் நான்கு மணி நேரம் அமர்ந்திருந்து இருநூறு சொற்களில் செய்தி எழுதிய நிருபருக்கு, அந்தச் செய்தியைப் படித்தவர்கள் சம்பளம் கொடுக்கவில்லை. பழைய கார் விற்க நினைத்தவர்கள் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாடு வலுவாக இருந்ததற்குக் காரணம் அது தந்த ஏகபோகம். ஒரு நகரில் இரண்டு இதழ்கள் போட்டியிட்டால் விளம்பரம் பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பதையே நாடும்; இரண்டாவது இதழ் நொடித்துப்போகும். வாரன் பஃபெட் 1977இல் ‘பஃபலோ நியூஸ்’ நாளிதழை வாங்கியபோது அங்கே இரு இதழ்கள் இருந்தன; 1982இல் போட்டி இதழான ‘கூரியர் எக்ஸ்பிரஸ்’ மூடப்பட்டதும் எஞ்சியது பெரும் லாபம் ஈட்டியது. நாடெங்கும் இதே கதை நடந்தேறியது. நகரின் ஒரே நாளிதழாக எஞ்சியவை நூற்றுக்கு இருபது, முப்பது டாலர் லாபம் காண்பதை இயல்பென்று கருதின. இரண்டாவது இதழ்களைக் காப்பதற்கென 1970இல் நாளிதழ்ப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று இயற்றப்பட்டது. ஆசிரியர் பிரிவுகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு அச்சு, விளம்பரம், விநியோகம் ஆகியவற்றை இரு போட்டி இதழ்கள் பொதுவில் நடத்திக்கொள்ள அச்சட்டம் ஏகபோகத் தடுப்பு விதிகளிலிருந்து விலக்களித்தது. பெரும்பாலான இடங்களில் அது மரணத்தைத் தள்ளிவைத்ததே தவிரத் தடுக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். நாளிதழ்களின் மொத்த விற்பனை 1984இல் ஏறத்தாழ 6.3 கோடிப் படிகளைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது பொது மக்களுக்கான இணையம் பிறக்கவில்லை. வாசகர்கள் குறைந்தபோதும் விளம்பர வருவாய் ஏறிக்கொண்டே போனதால், உடைமையாளர்கள் எவரும் கவலைப்படவில்லை. வாசகரும் வருவாயும் ஒரே திசையில் செல்லவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு தொழிலில், வாசகர் விலகிச் செல்வதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள எவருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல், ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ என்ற இணையதளமாகி, வரி விளம்பரத்தைப் பெரும்பாலும் இலவசமாக்கியது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,960 கோடி டாலராக இருந்த நாளிதழ்களின் வரி விளம்பர வருவாய் 2012க்குள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூ என்ற இரு ஆய்வாளர்களின் கணக்குப்படி 2000 முதல் 2007 வரை இந்த ஒரு தளத்தால் மட்டும் வரி விளம்பரம் கொடுத்தவர்களுக்கு மிச்சமான தொகை ஏறத்தாழ 500 கோடி டாலர். மறுபக்கத்தில் அது இதழ்களின் இழப்பு. பின்னர் கூகுளும் ஃபேஸ்புக்கும் காட்சி விளம்பரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. 2005இல் 4,900 கோடி டாலரைத் தாண்டியிருந்த நாளிதழ்களின் மொத்த விளம்பர வருவாய், பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் 2020இல் 880 கோடி டாலராகச் சுருங்கியது. அவ்வாண்டுதான் முதன்முறையாகச் சந்தா, விற்பனை வருவாய் விளம்பர வருவாயை மிஞ்சியது. 2008இல் நாளிதழ்ச் செய்திப் பிரிவுகளில் வேலை செய்த ஏறத்தாழ 71,000 பேரில், 2020இல் எஞ்சியவர்கள் 31,000 பேர்.

கடன் தின்ற காலம்

வருவாய் வீழ்ந்த வேகம் பெரிதுதான் என்றாலும், இதழ்கள் மாறிக்கொள்வதற்குச் சில ஆண்டுகள் கிடைத்திருந்தன. அந்த ஆண்டுகளின் லாபம் எங்கே போயிற்று என்பதே உடைமையைப் பற்றிய கேள்வி. ஏகபோகம் என்றும் நிலைக்கும் என்று நம்பிய பெருங்குழுமங்கள் கடன் வாங்கி இதழ்களை வாங்கின. 2006இல் ‘மெக்கிளாட்சி’ நிறுவனம் ‘நைட் ரிடர்’ குழுமத்தை 450 கோடி டாலருக்கு வாங்கியது, 2020இல் திவாலானது. 2007இல் சாம் செல் என்ற வீட்டுமனை வணிகர் ‘டிரிபியூன்’ நிறுவனத்தை 820 கோடி டாலர் பரிவர்த்தனையில், பெரும்பாலும் கடனை வைத்தே, கைப்பற்றினார். மறு ஆண்டு டிசம்பரில் அது திவால் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019இல் ‘கேட்ஹவுஸ்’, ‘கன்னட்’ என்ற இரு பெருங்குழுமங்கள் இணைந்தபோது, அதற்காக அப்போலோ என்ற நிதி நிறுவனத்திடம் ஏறத்தாழ 180 கோடி டாலர் கடன் 11.5 விழுக்காடு வட்டிக்கு வாங்கப்பட்டது. அந்த வட்டி ஒவ்வொரு காலாண்டும் சிற்றூர் இதழ்களின் செய்திப் பிரிவிலிருந்துதான் வந்தாக வேண்டும். இவ்வாறு பார்த்தால், இணையம் ஏற்படுத்திய காயத்தைவிட, அதற்கு மருந்திட வேண்டிய பணம் கடன்காரரிடம் போனதே பல இதழ்களுக்கு எமனாயிற்று எனலாம்.

இந்தக் கட்டத்தில் நுழைந்தவை ஹெட்ஜ் ஃபண்டுகள், அதாவது செல்வந்தர்களிடமும் ஓய்வூதிய நிதிகளிடமும் திரட்டிய பணத்தைக் குறுகிய காலத்தில் பெருக்குவதையே நோக்காகக் கொண்ட முதலீட்டு நிதியங்கள். அவற்றில் ‘ஆல்டன் குளோபல் கேப்பிட்டல்’ பெயர்பெற்றது. நலிந்த இதழை மலிவாக வாங்குவது, அதன் நகர்மையக் கட்டடத்தை விற்பது, ஊழியரைக் குறைப்பது, சந்தாவை உயர்த்துவது, வாசகர் விட்டு விலகும் வரை கிடைப்பதைக் கறப்பது என்பதே அந்நிறுவனம் பின்பற்றும் முறை என்று அதன் விமர்சகர்கள் சொல்கிறார்கள். 2021இல் அது ‘சிகாகோ டிரிபியூன்’ உள்ளிட்ட டிரிபியூன் பதிப்பகத்தை 63.3 கோடி டாலர் மதிப்பில் முழுமையாக வாங்கியது.

டென்வர்

மேற்கண்ட எல்லாக் கட்டங்களையும் ஒரே ஊரில் காண வேண்டுமானால் கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வரைப் பார்க்கலாம். அங்கே 1859 ஏப்ரல் 23 முதல் வெளிவந்த ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ நாளிதழும் ‘டென்வர் போஸ்ட்’ நாளிதழும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போட்டியிட்டன. 2001இல் அவை முன்னர்ச் சொன்ன நாளிதழ்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அச்சையும் விளம்பரத்தையும் பொதுவாக்கிக்கொண்டன. ஆயினும் 2009 பிப்ரவரி 27 அன்று, நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தபோது, ராக்கி மவுண்டன் நியூஸ் தன் கடைசி இதழை வெளியிட்டது. 2000 முதல் மட்டும் நான்கு புலிட்சர் விருதுகளைப் பெற்ற இதழ் அது என்பதால், தரமான இதழ் தானே நிலைக்கும் என்ற ஆறுதல் மொழிக்கு டென்வரில் இடமில்லை.

வேலையிழந்தவர்களில் ஏறத்தாழ முப்பது பேர் ‘இன்டென்வர் டைம்ஸ்’ என்ற இணைய இதழைத் தொடங்கினர். ஏப்ரல் 23க்குள், அதாவது பழைய இதழின் நூற்றைம்பதாவது பிறந்தநாளுக்குள், மாதம் ஐந்து டாலர் வீதம் 50,000 சந்தாதாரர்கள் சேர்ந்தால் முயற்சி தொடரும் என்று அறிவித்தார்கள். சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். ஆசிரியர்களும் செய்தியாளர்களும் பெரும்பாலும் பிரிந்து சென்று, ஜூலையில் ‘ராக்கி மவுண்டன் இண்டிபெண்டெண்ட்’ என்ற மற்றொரு தளத்தைத் தொடங்கினார்கள். அது அக்டோபரில் நின்றது. இரண்டு லட்சத்துக்கு மேல் விற்ற ஒரு நாளிதழின் வாசகர்களில் 50,000 பேர் மாதம் ஐந்து டாலர் தருவார்கள் என்று கணக்குப் போட்டது அன்று எவருக்கும் மிகையாகத் தோன்றியிருக்காது. ஆனால் அந்த வாசகர்கள் வாங்கியது செய்தியை மட்டுமன்று; துண்டறிக்கைகள், குறுக்கெழுத்து, விளையாட்டுப் புள்ளிவிவரம், நீத்தார் அறிவிப்பு, வீட்டு விற்பனைப் பட்டியல் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டை வாங்கினார்கள். கட்டு அவிழ்ந்தபின் செய்தியை மட்டும் எடுத்து அதே மக்களிடம் நீட்டியபோது, அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்துப் பழகாதவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

போட்டியில் வென்ற டென்வர் போஸ்ட்டின் நிலை இன்னும் படிப்பினையானது. ஏகபோகம் கைக்கு வந்த மறு ஆண்டே அதன் தாய் நிறுவனம் கடன் தாளாமல் திவால் மறுசீரமைப்புக்குப் போயிற்று. இதழ் ஆல்டனின் பிடிக்குள் வந்தது. 250 பேருக்கு மேல் இருந்த செய்திப் பிரிவு 2018இல் நூறளவுக்குச் சுருங்கியிருந்த நிலையில், மேலும் முப்பது பேரை நீக்க உத்தரவு வந்தது. நகர்மையத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கு அருகிலிருந்த அலுவலகத்திலிருந்து ஊழியர்கள் ஏற்கெனவே நகரெல்லைக்கு வெளியே உள்ள அச்சகக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் அந்த இதழின் தலையங்கப் பகுதி தன் சொந்த உடைமையாளரைக் கழுகு என்று வருணித்து, இதழை நல்லவர் எவரிடமேனும் விற்றுவிடும்படி வெளிப்படையாகக் கேட்டது. தலையங்கப் பக்க ஆசிரியர் சக் பிளங்கெட் அடுத்த மாதம் பதவி விலகினார். உடைமை மாறவில்லை.

அங்கிருந்து விலகிய பத்துப் பேர் 2018 செப்டம்பரில் தொடங்கிய ‘கொலராடோ சன்’ நிலைத்தது. இதற்கு முதல் பணம் கொடுத்தது ‘சிவில்’ என்ற நிறுவனம். பிட்காயின் போன்ற மின்னணு நாணயங்களுக்கு அடிப்படையான பிளாக்செயின் பதிவேட்டை இதழியலின் மீட்சியாக அறிவித்த அந்நிறுவனம், தன் நாணயத்தை விற்க முனைந்தபோது குறைந்தபட்ச இலக்கைக்கூட எட்டாமல் பணத்தைத் திருப்பிக்கொடுத்து, 2020இல் மூடிக்கொண்டது. மீட்க வந்தவர் மூழ்க, மீட்கப்பட வேண்டியவர் கரையேறிய விந்தை இது. பத்துப் பேரின் சம்பளத்துக்குப் போதுமான உறுப்பினர்களைச் சேர்த்து, சேர்ந்த அளவுக்கே வளர்வது என்ற வழியைக் கொலராடோ சன் பின்பற்றியது. 2023இல் லாபநோக்கற்ற அமைப்பாகவும் மாறியது.

புத்தொழில்களின் கணக்கு

டென்வரில் நடந்தது இதழாளர்களின் முயற்சி. இதற்கு இணையாக, தொழில்நுட்ப உலகத்தின் மொழியில் பேசிய மற்றொரு வகை முயற்சிகளும் 2005 முதல் தோன்றின. தெருவளவு, பேட்டையளவு செய்தியை ‘ஹைப்பர்லோக்கல்’ என்று அழைத்த இவை, ஒரு ஊரில் வெற்றி கண்ட அச்சை ஆயிரம் ஊர்களில் பதித்தால் செலவு குறைந்து விளம்பரம் பெருகும் என்று நம்பின. 2005இல் வர்ஜீனியாவில் தொடங்கிய ‘பேக்ஃபென்ஸ்’, குடியிருப்போர் தாமே செய்தி எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தது. எழுதுவோர் மிகச் சிலராகவே இருக்க, 2007இல் மூடப்பட்டது. ஏட்ரியன் ஹோலோவாட்டி உருவாக்கிய ‘எவரிபிளாக்’, காவல்துறைப் பதிவு, கட்டட அனுமதி, உணவகத் துப்புரவு ஆய்வு ஆகிய அரசுத் தரவுகளைத் தெருவாரியாகத் தொகுத்துக் காட்டியது. நைட் அறக்கட்டளையின் 11 லட்சம் டாலர் நல்கையில் பிறந்து, 2009இல் எம்எஸ்என்பிசி தளத்தால் வாங்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டது. சிறந்த கருவியாயினும், ஒரு வீட்டின் கட்டட அனுமதி ஏன் மூன்று முறை மாற்றப்பட்டது என்பதைத் தரவு சொல்லாது. கேட்க ஒருவர் போக வேண்டும்.

இவற்றில் மிகப் பெரியது ‘பேட்ச்’. 2009இல் ஏஓஎல் நிறுவனம் இதை ஏறத்தாழ 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. பேட்ச்சைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டிம் ஆம்ஸ்ட்ராங்கே அப்போது ஏஓஎல்லின் தலைவர். சில ஆண்டுகளில் தளங்களின் எண்ணிக்கை 850ஐத் தாண்டியது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஓர் ஆசிரியர். அவரே நகராட்சிக் கூட்டத்துக்குப் போவார், பள்ளி விளையாட்டைப் படமெடுப்பார், உணவகங்களின் பட்டியலைச் சரிபார்ப்பார், வாசகர் கருத்துகளை நெறிப்படுத்துவார். உடல்நலமில்லை என்றால் அன்று அந்த ஊருக்குச் செய்தியில்லை. வளமான புறநகர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் கணக்கு நேராகவில்லை. தேசிய விளம்பரதாரருக்குச் சிற்றூரின் வாசகர் எண்ணிக்கை போதாது. முடிதிருத்தகமும் பல் மருத்துவரும் தரக்கூடிய சிறு விளம்பரத்தைப் போய்ப் பேசி வாங்கிவரும் விற்பனையாளருக்கோ அந்த விளம்பரத்தின் வருவாய் கட்டாது. பழைய நாளிதழ் இந்தச் செலவைத் தாங்கியது அது ஊரின் ஒரே சந்தையாக இருந்ததால். சந்தை கைவிட்டுப்போன பின்னும் அதே செலவுக் கட்டமைப்பை, அதுவும் 850 மடங்கு, பேட்ச் எழுப்பியது. 2014 ஜனவரியில் பெரும்பங்கு ஹேல் குளோபல் என்ற நிறுவனத்துக்குக் கைமாற, நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதன் பிறகு மிகக் குறைந்த ஆட்களோடும் தானியங்கித் தொகுப்புகளோடும் பேட்ச் லாபம் காணத் தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த லாபம் முதலில் வாக்களித்த இதழியலிலிருந்து வந்ததன்று.

தனியொரு செல்வரை நம்பிய முயற்சிகளின் பலவீனம் வேறு வகை. பங்குத் தரகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜோ ரிக்கெட்ஸ் 2009இல் தொடங்கிய ‘டிஎன்ஏஇன்ஃபோ’ நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பேட்டைவாரியாக நிருபர்களை அமர்த்தி நல்ல பெயர் எடுத்தது. ஆனால் லாபம் கண்டதில்லை. 2017 அக்டோபர் இறுதியில் நியூயார்க் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். ஒரு வாரத்தில், நவம்பர் 2 அன்று, அவ்வாண்டு வாங்கிய ‘கோத்தமிஸ்ட்’ தளங்களோடு சேர்த்து அனைத்தையும் அவர் மூடினார். 115 பேர் வேலையிழந்தார்கள். பழைய செய்திகளைத் தேடிச் சென்றவர்களுக்குச் சில நாள்கள் உடைமையாளரின் கடிதம் மட்டுமே திரையில் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வாரன் ஹெல்மன் தந்த 50 லட்சம் டாலரோடு 2010இல் எழுந்த ‘பே சிட்டிசன்’, 2011 இறுதியில் அவர் மறைந்தபின் அடுத்த ஆண்டே மற்றோர் அமைப்போடு இணைந்து தன் அடையாளத்தை இழந்தது. பணம் குறைவு என்பது மட்டுமே சிக்கல் என்று எண்ணுவோருக்கு ‘ஹூஸ்டன் லேண்டிங்’ மறுமொழி: 2023இல் 2 கோடி டாலருக்கு மேற்பட்ட நன்கொடையோடு தொடங்கியது, தொடர் வருவாய்க்கு வழி காணாமல் 2025இல் 43 ஊழியர்களோடு நின்றது. பெருநன்கொடை முதல் நாளிலேயே பெரிய செய்திப் பிரிவை அமர்த்த வைக்கிறது; பெரிய பிரிவின் மாதச் செலவு, வாசகர் ஆதரவு ஊறிவரும் மெதுவான வேகத்துக்குக் காத்திருப்பதில்லை.

இல்லாமையின் விலை

உள்ளூர் இதழ் இல்லாமற்போனால் ஊருக்கு என்ன நேரும் என்பதற்கு இப்போது அளவீடுகள் உண்டு. ‘சின்சினாட்டி போஸ்ட்’ 2007 டிசம்பர் 31 அன்று நின்றபின், அது செய்தி சேகரித்துவந்த கென்டக்கி மாநிலப் புறநகர்களை ஷுல்ஹோஃபர்-வோல், கரிடோ என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, உள்ளாட்சித் தேர்தல்களில் போட்டியிடுவோர் குறைந்ததையும், பதவியிலிருப்போர் மீண்டும் வெல்லும் வாய்ப்பு கூடியதையும், வாக்களிப்பு சரிந்ததையும் கண்டார்கள். பெங்ஜி காவ், சாங் லீ, டெர்மட் மர்ஃபி ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, நகராட்சிகள் பாலம், பள்ளி, குடிநீர்த் திட்டங்களுக்காக வெளியிடும் கடன் பத்திரங்களை எடுத்துக்கொண்டது. இதழ் மூடப்பட்ட இடங்களில் அவற்றின் வட்டி 0.05 முதல் 0.11 விழுக்காட்டுப் புள்ளி வரை கூடுவதை அது காட்டியது. சிறிய பின்னமாகத் தோன்றினாலும், கோடிக்கணக்கான டாலர் கடனில் அது ஒரு நிருபரின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. கண்காணிப்பார் இல்லாத ஊருக்குக் கடன் கொடுப்பவர் கூடுதல் விலை கேட்கிறார். அதை வரி செலுத்துவோர், காரணம் அறியாமலே, கட்டுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 40,000க்கும் குறைவானோர், பெரும்பாலும் எளிய உழைப்பாளர்கள், வாழும் பெல் என்ற சிறுநகரம் இதன் மோசமான எல்லையைக் காட்டிற்று. மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலம் விதித்த வரம்பிலிருந்து நகரை விடுவிக்கும் தன்னாட்சிச் சாசனம் ஒன்றின் மீது 2005இல் சிறப்புத் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. அதன் பிறகு நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 8 லட்சம் டாலரை எட்டியது. பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் பெரும்பாலோர் ஒரு லட்சத்தை நெருங்கினர். ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நிருபர்கள் 2010இல் வேறொரு விசாரணையின் தொடர்ச்சியாக அங்கே போனபோதுதான் இது வெளிவந்தது. மன்றக் கூட்டங்களுக்கு வாரந்தோறும் ஒரு நிருபர் வந்துகொண்டிருந்தால் அந்த 2005ஆம் ஆண்டுத் தேர்தலே அமைதியாக நடந்திருக்குமா என்பது ஐயம்.

ஆனால் இதழ் இருந்தால் போதும் என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வரலாகாது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ‘நார்த் ஷோர் லீடர்’ என்ற சிறு வார இதழ், நாடாளுமன்ற வேட்பாளர் ஜார்ஜ் சாண்டோஸின் சொத்துக் கணக்கில் உள்ள முரண்களை 2022 செப்டம்பரில், தேர்தலுக்கு முன்பே, எழுதியது. பெரிய இதழ்கள் எவையும் அதை எடுத்துத் தொடரவில்லை, அவர் வென்றார், டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ விரிவாக எழுதிய பின்னரே நாடு விழித்தது. முன்பெல்லாம் வார இதழ் முதலில் எழுதும், வட்டார நாளிதழ் சரிபார்த்துப் பெரிதாக்கும், பெருநகர இதழ் தேசத்துக்குக் கொண்டுசெல்லும். இந்தத் தொடரில் நடுக்கண்ணி அறுந்துவிட்டால், கடைசிக் கண்ணி உறுதியாக இருந்தும் பயனில்லை.

நிலைத்தவையும் எட்டாதவையும்

2005இல் ‘வாய்ஸ் ஆஃப் சான் டியேகோ’, 2007இல் மினசோட்டாவின் ‘மின்போஸ்ட்’, 2009இல் ‘டெக்சஸ் டிரிபியூன்’ என வந்த லாபநோக்கற்ற அமைப்புகள், நன்கொடை, உறுப்பினர் கட்டணம், நிகழ்ச்சிகள் எனப் பல சிறு ஊற்றுகளைச் சேர்த்துப் பிழைத்துவருகின்றன. டிஎன்ஏஇன்ஃபோ மூடப்பட்டதும் அதன் சிகாகோ ஆசிரியர்கள் மூவர் 2018இல் தொடங்கிய ‘பிளாக் கிளப் சிகாகோ’, அதே பேட்டைச் செய்தியை வாசகர் சந்தாவை முதன்மையாக நம்பி நடத்துகிறது. ஒரே நகரம், ஏறத்தாழ அதே நிருபர்கள், அதே செய்தி. மாறியது உடைமையும் செலவின் அளவும் மட்டுமே. பால்டிமோரில் ‘சன்’ நாளிதழை வாங்க முயன்று ஆல்டனிடம் தோற்ற விடுதித் தொழிலதிபர் ஸ்டூவர்ட் பெய்னம், 5 கோடி டாலர் உறுதிமொழியோடு 2022இல் தொடங்கிய ‘பால்டிமோர் பேனர்’ 2025இல் உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் விருதைப் பெற்றது. பெருஞ்செல்வரின் பணம் எப்போதும் தோற்கும் என்று விதி வகுக்க முடியாது என்பதற்கு இது சான்று. அந்த நன்கொடை தீர்வதற்குள் சந்தாதாரர் எண்ணிக்கை செலவை எட்டுமா என்பதே அங்கே பார்க்க வேண்டியது.

இவை பெரும்பாலும் மாநகரங்களில் உள்ளன என்பதே இவ்வகையின் பெருங்குறை. செய்திப் பாலைவனங்களாகிவிட்ட கவுண்டிகளோ வருமானம் குறைந்தவை, முதியோர் மிகுந்தவை, அறக்கட்டளைகள் இல்லாதவை. பியூ மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர்ச் செய்தி நிறுவனங்கள் பொருளாதார ரீதியில் நன்றாகவே இருப்பதாக 71 விழுக்காட்டினர் கருதினார்கள்; முந்தைய ஓராண்டில் உள்ளூர்ச் செய்திக்கு ஏதேனும் பணம் கொடுத்திருந்தவர்கள் 14 விழுக்காட்டினர். மாநகரில் நூறில் பதினான்கு பேர் ஒரு செய்திப் பிரிவைத் தாங்கக்கூடும். எட்டாயிரம் பேர் வாழும் கவுண்டியில் அந்தக் கணக்கு ஒரு நிருபருக்கே தட்டுப்பாடு. அறக்கொடையே இங்கும் வரட்டும் என்ற எதிர்பார்ப்பும் சோதிக்கப்பட்டாயிற்று: டென்வர்ப் புறநகர்களின் இருபதுக்கு மேற்பட்ட வார இதழ்களை 2021இல் கொலராடோ சன்னோடு சேர்ந்து வாங்கிக் காத்த ‘உள்ளூர்ச் செய்திக்கான தேசிய அறக்கட்டளை’, அவற்றில் பெரும்பாலானவற்றை 2025இல் அரிசோனாவைத் தளமாகக் கொண்ட வணிகக் குழுமம் ஒன்றுக்கு விற்றுவிட்டது.

எஞ்சியிருப்பது அரசின் கை. நியூஜெர்சி 2018இல் பொது நிதியிலிருந்து உள்ளூர்ச் செய்திக்கு நல்கை வழங்கும் கூட்டமைப்பை உருவாக்கியது. நியூயார்க் 2024இல் செய்தியாளர்களைப் பணியமர்த்தும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை அளித்தது. கலிபோர்னியா, தேடுபொறிகள் செய்திக்குப் பணம் தர வேண்டும் என்ற மசோதாவைக் கைவிட்டு, கூகுளோடு ஓர் உடன்படிக்கைக்குச் சென்றது. அரசுப் பணத்தில் வாழும் இதழ் அரசைக் கண்காணிக்குமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் டெண்டர், ஏலம், மண்டல மாற்றம் ஆகியவற்றை இதழில் அச்சிட வேண்டும் என்ற பழைய சட்டங்களின்வழி அரசு அறிவிப்பு விளம்பரங்கள் நெடுங்காலமாகச் சிற்றிதழ்களைத் தாங்கிவந்தன; புளோரிடா 2023 முதல் அவற்றைக் கவுண்டி இணையதளத்திலேயே வெளியிட அனுமதித்தபோது, அந்த மறைமுக ஆதரவு எவ்வளவு பெரிதென்று சிற்றூர் இதழ்களுக்குத் தெரிந்தது. இந்த நடவடிக்கைகளில் சரிவின் உடைமைக் காரணத்தை நேரடியாகத் தொட்டது இல்லினாய் மாநிலத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே. அதன்படி, உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்று மாநிலத்துக்கு வெளியேயுள்ள நிறுவனத்துக்கு விற்கப்படுமுன் ஊழியர்கள் உள்ளிட்டோருக்கு 120 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த நான்கு மாதத்தில் உள்ளூரார் ஒன்றுகூடி இதழை வாங்க முன்வரலாம் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு; வாங்குவதற்கான பணத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.